அறுபத்தஞ்சு இஞ்சு டிவி

கோவில்பட்டி வரைக்குந்தான? அப்பச் சரி. கயத்தாறுல எறங்குற ஆளுன்னா நான் பேச்சே ஆரம்பிச்சிருக்க மாட்டேன். பாதியில எந்திரிச்சுப் போயிருவாங்க, மிச்சக் கதை நம்ம தொண்டையிலயே நிக்கும். ஜன்னல மூட வேண்டாம் தம்பி, காத்து வரட்டும்.

என் பேரு சுடலைமணி. முப்பத்திரண்டு வருசம் கவர்மெண்டு பஸ்ல கண்டக்டரு. ரிட்டையராகி நாலு வருசம் ஆச்சு. இன்னும் பஸ்ல ஏறுனா உக்காரவே மனசு வர மாட்டேங்கு, பாத்துக்கிடுங்க. அந்தா நிக்கானே இந்த வண்டிக் கண்டக்டரு, ஒருத்தரு மொகத்தயும் பாக்காம டிக்கெட்டக் கிழிச்சுக் கிழிச்சுக் குடுக்கான். அது தப்பு. மொகத்தப் பாக்கணும். அறுபது பேரு ஏறுன கூட்டத்துல எவன் டிக்கெட் எடுக்காம முழிக்கான்னு பின்படிக்கட்டுல நின்னே சொல்லிருவேன் நான். எங்க டெப்போல வந்து கேட்டுப் பாருங்க. சுடலைமணி கண்ணுக்குத் தப்பி ஒரு ஆளு எறங்க முடியாதும்பாங்க.

சரி, விசயத்துக்கு வாரேன். உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும். இந்த நோட்டீஸப் பாருங்க. அறுபத்தஞ்சு இஞ்சு டிவி. பாதி வெலைக்கும் கீழ. ஏன் அவ்வளவு கொறச்சல்னு கேப்பீங்க. மூணு வருசத்துக்கு முந்துன மாடலு. கடையில காட்சிக்குன்னு செவுத்துல மாட்டி ஓட்டுன பீஸு. இப்ப வாரதெல்லாம் அப்பளம் கணக்கா மெல்லிசா வருது, இது நல்ல கனம். என் மகன் ஓசூர்ல கம்பெனியில இருக்கான், அவன் போன்ல சொல்லுதான், “அப்பா, அந்தப் பழசப் போயி ஏன் தலையில கட்டிக்கிடுதீங்க, பொறுங்க, நான் புதுசு எடுத்துத் தாரேன்”னு. அவன் ரெண்டு வருசமா எடுத்துத் தாரான்.

இன்னைக்கு ஆடி கடைசி. நாளைக்கு ஆவணி பொறந்துரும், தள்ளுபடியும் போயிரும். கடைக்காரரு தேவசகாயம்னு ஒருத்தரு, காலையில இருந்து மூணு வாட்டி போன் அடிச்சிட்டாரு. “அண்ணாச்சி, ஒரே பீஸுதான் கெடக்கு. வேற ஆளு கேட்டு நிக்காரு. நீங்க சரின்னா எடுத்து வைக்கேன்”ங்காரு. வண்டி கோவில்பட்டி போய்ச் சேருறதுக்குள்ள நான் ஒண்ணு சரிங்கணும், இல்ல வேண்டாங்கணும். அதுக்குத்தான் உங்களப் பிடிச்சேன்.

எங்க வீட்ல ஆடி தவிர வேற மாசத்துல ஒரு சாமான் உள்ள வந்ததில்ல. மிக்ஸி, பிரிட்ஜு, பேன், கட்டிலு, அவ கட்டுற சேலை, எல்லாம் ஆடித் தள்ளுபடிதான். எதக் கேட்டாலும் “ஆடி வரட்டும்”பேன். முழு வெல குடுத்து வாங்குறவன் மொகத்தப் பாத்தாலே எனக்குச் சிரிப்பா வரும். கல்யாணமாகி முப்பத்தாறு வருசம், இது வேணும்னு அவ நின்னதில்ல.

அவன்னா யாருன்னு கேக்கீங்களா? அந்தா முன்னால, லேடீஸ் சீட்டுல, பச்சச் சேலை, கனகாம்பரம் வச்சிருக்காளே, கம்பியில கைய வச்சுக்கிட்டு. அவதான் எங்க வீட்டுக்காரி. தங்கபுஷ்பம். திருநெல்வேலி கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டுத்தான் இப்ப வாரோம். கூட உக்காரலையான்னா, முன்னால ஒரு சீட்டுதான காலியா கெடந்துச்சு. ஏத்தி விட்டு, கம்பிய அவ கையில பிடிச்சுக் குடுத்துட்டுத்தான் பின்னால வந்தேன்.

இந்த டிவிய நான் வாங்கதே அவளுக்காகத்தான். எனக்கு எதுக்கு டிவி? ஆனா அஞ்சு மாசமா வேண்டாம் வேண்டாம்னே ஒத்தக் கால்ல நின்னா. இன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல வச்சு, “வாங்கிருங்க”ங்கா. அதுல இருந்துதான் தம்பி எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. டிக்கெட் எடுக்காதவனா இருந்தா மொகத்தப் பாத்தே சொல்லிருவேன்னேன்லா? இவ மொகத்துல என்ன இருக்குன்னு எனக்குப் பிடிபடல.

மொதல்ல இருந்தே சொல்லுதேன், கேளுங்க.

ஒரு நாலு வருசம் இருக்கும். நான் ரிட்டையராகி வீட்ல உக்காந்த புதுசு. வேலையில இருந்த வரைக்கும் வீட்ல என்ன நடக்குன்னு எனக்கென்ன தெரியும், வந்தா சாப்பாடு, படுத்தா தூக்கம். வீட்லயே கெடக்கவும்தான் பாக்கேன், இவளுக்குக் கவனமே இல்ல. டம்ளரத் தட்டி விடுதா. கதவு நெலையில தோளக் கொண்டு போயி இடிச்சுக்கிடுதா. வாசல்ல கழட்டிப் போட்ட என் செருப்புல தடுக்கி விழுதா. எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். “கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?”ன்னு கேப்பேன். ஒரு நாளைக்கு நாலு வாட்டி கேட்டிருப்பேன். அவ தொடப்பத்த எடுத்துட்டு வந்து கூட்டுவா. கூட்டும்போதும் ஓரத்துல ரெண்டு சில்லு கெடக்கும். அதுக்கும் ஒரு ஏச்சு.

அப்படியே ரெண்டு வருசம் போச்சு, அப்பத்தான் எங்க அக்கா விசயம் நடந்துச்சு. எனக்கு ஒரே அக்கா, வள்ளித்தாய்னு பேரு. எட்டயபுரத்துல குடுத்திருக்கு. பேத்திக்குக் காது குத்துன்னு வெத்தல பாக்கு தாம்பாளத்தோட பத்திரிகை வைக்க வந்திருக்கா. நான் கடைக்குப் போயிருந்தேன். இவ அடுப்படியில மிக்ஸி ஓட்டிக்கிட்டு இருந்திருக்கா. அக்கா பக்கவாட்டு வாசல் வழியா வந்து, இவளுக்கு ரெண்டடி தள்ளி நின்னிருக்கா. இவ ஒரு ஏறு ஏறிட்டுப் பாத்துட்டு, மறுபடி மிக்ஸியப் பாத்துக்கிட்டு நின்னுட்டாளாம். “வாங்க மதினி”ன்னு ஒரு வார்த்தை இல்ல.

தம்பி, உங்க பக்கம் எப்படியோ. எங்க பக்கத்துல வீட்டுக்கு வந்த ஆள வாங்கன்னு கேக்கலன்னா அது கன்னத்துல அறைஞ்சதுக்குச் சமானம். அதுவும் கூடப்பொறந்தவ, அதுவும் தாம்பாளத்தோட நிக்கா. எங்க அக்கா லேசுப்பட்ட ஆளில்ல, வாயத் தொறந்து கூப்பிடவும் மாட்டா. அவளா கேக்கட்டும்னு நின்னு பாத்திருக்கா. பெறவு பத்திரிகைய சேர் மேல வச்சிட்டு, தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டா. தெருவுல எனக்கு எதுத்தாப்புல வந்து, “ஏலே, உன் பொண்டாட்டிக்கு அவ்வளவு ஏத்தமால?”ன்னு அழுதா பாருங்க. எனக்கு மானமே போச்சு.

வீட்டுக்கு வந்து இவளக் கேட்டா, “மதினி வந்தாகளா? எப்ப?”ங்கா. எனக்கு எப்படி இருக்கும்? ரெண்டடியில நின்னவளத் தெரியலன்னா யாரு நம்புவா? சண்டைன்னா சண்டை, அப்படி ஒரு சண்டை. கையப் பிடிச்சு எட்டயபுரம் பஸ்ல ஏத்திக் கொண்டு போயி, எங்க அக்கா கால்ல விழ வச்சேன். விழுந்தா. “தெரியாமப் போச்சு மதினி”ன்னா. அக்கா மொகத்தத் திருப்பிக்கிட்டா. ரெண்டு வருசமாப் பேச்சுவார்த்தை கெடையாது, காது குத்துக்கும் நாங்க போகல.

இல்ல இல்ல, நான் ஒண்ணும் ஈவு எரக்கம் இல்லாதவன் கெடையாது. கண்ணச் சோதிக்கவும் செஞ்சேன். டெப்போல வருசா வருசம் கண்ணு கேம்ப் போடுவாங்க, எங்க ஆளுகளுக்கும் குடும்பத்துக்கும். அது வரட்டும்னு ஏழு மாசம் பொறுத்துக் கூட்டிட்டுப் போனேன். எழுத்து அட்டை தொங்க விட்டிருப்பாங்கள்லா, பெரிய எழுத்துல இருந்து பொடி எழுத்து வரைக்கும். கடைசி வரி வரைக்கும் வாசிச்சா தம்பி! ஒரு எழுத்துத் தப்பில்ல. கண்ணாடி போடுதவரு, “அம்மாவுக்குப் பார்வை சுத்தமா இருக்கு, பெரிய டாக்டர் வார வரைக்கும் இருந்து காட்டிட்டுப் போங்க”ன்னாரு. அவருக்கு முன்னால நாப்பது பேரு வரிசையில நிக்காங்க. சுத்தமா இருக்குன்னு சொன்ன பெறவு எதுக்கு நிக்கணும்? கூட்டிட்டு வந்துட்டேன். வார வழியில சொன்னேன், “பாத்தியா, கண்ணு நல்லாத்தான் இருக்கு, உனக்குக் கவனந்தான் இல்ல.” அவளும் “ஆமா”ன்னுட்டா.

தாழையூத்து வந்துட்டு. சிமெண்டு வாடை அடிக்கும், மூக்கப் பொத்திக்கோங்க.

இப்ப டிவிக்கு வாரேன். எங்க வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். முன்ரூமு, நடுரூமு, அடுப்படி, எல்லாம் ஒரே கோட்டுல. முன்ரூம்ல டிவி. இருவத்தினாலு இஞ்சு, அதுவும் ஒரு ஆடியில வாங்குனதுதான். டிவிக்கு எதுக்க ரெண்டு சேரு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவளுக்கு. சாயங்காலம் அவ நாடகம் பாப்பா, நான் பக்கத்துல உக்காந்து அதுல வாரவளுகள ஏசுவேன். அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு. வேற என்ன பேச, சொல்லுங்க.

ரெண்டு வருசத்துக்கு முன்னால அந்தச் சேரத் தூக்கிக் கொஞ்சம் பின்னால போட்டா. ஏன்னேன். “இங்க இருந்தா நல்லாருக்கு”ன்னா. கொஞ்ச நாள் கழிச்சு நடுரூம் வாசல். பெறவு நடுரூமு. இப்ப அடுப்படி வாசல்லயே போயி உக்காந்துட்டா. முன்ரூம்ல நான் தனியா, அம்புட்டுத் தள்ளி அவ. எனக்கு வெறுப்பா வந்துச்சு, பாத்துக்கிடுங்க. அக்கா கால்ல விழ வச்ச கோவத்துலதான் என் பக்கத்துல உக்கார மாட்டேங்கான்னு நெனச்சேன். வாயத் தொறந்து ஏசவும் செஞ்சேன். “என் மேல நாத்தம் அடிக்கோ?”ன்னு கேட்டேன். “அதெல்லாம் இல்லங்க”ன்னு சிரிச்சா.

போன மாசியில மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரும்போது சைடுல ஒரு பைக்கு வந்திருக்கு. ஆரன் அடிச்சிருக்கான், இவ எந்தப் பக்கம் வாரான்னு தெரியாம அவன் மேலயே போயி விழுந்திருக்கா. கை எலும்பு விட்டுப் போச்சு. கட்டுப் போட்ட டாக்டருதான், ஏதோ சந்தேகமா இருக்கு, திருநெல்வேலியில கண்ணக் காட்டுங்கன்னு எழுதிக் குடுத்தாரு. அப்படித்தான் கண்ணாஸ்பத்திரிக்கு வந்தது.

அங்க ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, ஆனா நல்லா விளங்கச் சொல்லுவாங்க. கண்ணுக்குள்ள நீர் அழுத்தம் கூடி, நரம்பக் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னுருமாம். நடுவுல தெரியும், ஓரமெல்லாம் போயிரும். அதான் எழுத்து அட்டைய வாசிச்சிருக்கா. போனது போனதுதான், திரும்ப வராது, இருக்கறதக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்துன்னாங்க. ஒரு பேப்பரச் சுருட்டிக் குழாயாக்கி என் கையில குடுத்து, “இதுக்குள்ள பாருங்கய்யா, உங்க வீட்டம்மாவுக்கு ஒலகம் இப்படித்தான் தெரியுது”ன்னாங்க. நான் வாங்கி வச்சுக்கிட்டேன். சின்னப் பிள்ள மாதிரி அத்தன பேரு முன்னால குழாயில பாத்துக்கிட்டா இருக்க முடியும்?

“இத்தன வருசமா ஒண்ணுமே தோணலையாம்மா? வீட்ல யாரும் கவனிக்கலையா?”ன்னு கேட்டாங்க. இவ, “எனக்கே தெரியல டாக்டரு, அவுகளுக்கு எப்படித் தெரியும்?”னா. பாத்தீங்களா? அவளே சொல்லிட்டா. எனக்கு எப்படித் தெரியும்?

ஆனா அன்னைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். குழாய்க்குள்ள பாக்கிறவளுக்குப் படம் பெருசா இருக்கணும்லா? அதுவும் அடுப்படி வாசல்ல இருந்துல்ல பாக்கா. இருவத்தினாலு இஞ்சு அம்புட்டுத் தூரத்துக்குத் தீப்பெட்டி மாதிரித்தான் இருக்கும். பெருசா வாங்கிப் போட்டா அவ முன்ரூமுக்கு வந்துதான ஆகணும்? பழையபடி பக்கத்துல உக்காருவா. சொல்லுங்க, நான் நெனச்சது தப்பா?

அவகிட்டச் சொன்னா, “வேண்டாம்ங்க, சின்னதே போதும், அதுலதான் முழுசாத் தெரியுது”ங்கா. பைசாவ மிச்சம் பிடிக்கா. அவ கொணம் அது. நான் விடுவேனா? ஆடி பொறந்ததும் கடைக்கே கூட்டிட்டுப் போனேன். அந்த அறுபத்தஞ்சு இஞ்சுக்கு முன்னால சோபாவுல உக்கார வச்சேன். தேவசகாயம் ஓட்டிக் காட்டுதாரு. நாடகம் ஓடுது, ஒரு மாமியாளும் மருமகளும் சண்டை போடுதாளுக. இவ தலைய அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பாக்கா, தேரு வரும்போது தெருவுல நிக்கிறவங்க பாக்கிற மாதிரி. எனக்குன்னா சந்தோசம், அசந்து போயிட்டான்னு. பெறவு கேக்கா, “இந்தம்மா யாருகிட்ட பேசுது?” அந்தா அந்தக் கடைசியில மருமக ஆளு ஒசரத்துக்கு நிக்கா! “இவ்வளவு பெருசுலயும் தெரியலயா உனக்கு?”ன்னு கடையிலயே ஏசிட்டேன். “தெரியுது தெரியுது, நல்லாருக்கு”ன்னு எந்திரிச்சிட்டா.

தேவசகாயமும் சும்மா இல்லாம, “அண்ணாச்சி, இது பழைய மாடலுங்கிறதால ஸ்பீக்கரு பெருசு. இப்ப வாரதுல சத்தம் டப்பாவுக்குள்ள பேசுற மாதிரி இருக்கும், இதுல ஆளு பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கும்”னாரு. “சத்தத்த யாருய்யா கேட்டா, படத்தப் பத்திச் சொல்லும்”னேன்.

இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா, ஆஸ்பத்திரியில ஒரு மிசினு இருக்கு. அதுக்குள்ள மொகத்த வச்சுக்கிடணும். அங்கங்க புள்ளி புள்ளியா வெளிச்சம் வரும், தெரிஞ்சா கையில இருக்க பட்டன அமுக்கணும். இடது கண்ணு முடிஞ்சு வலது கண்ணு. நான் கதவுக்கு வெளிய பெஞ்சில உக்காந்திருக்கேன், உள்ள பேசுறது கேக்கு. அந்த நர்ஸம்மா, “வெளிச்சம் தெரிஞ்சா அமுக்குங்கம்மா, அமுக்குங்க”ங்குது. சத்தமே இல்ல. பெறவு இவ கேக்கா, “இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?”ன்னு. அது பாதி ஓடிட்டாம்! எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பக்கத்துல இருந்தவருகிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். பரீட்ச எழுதப் போயிட்டுப் பராக்குப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா பாருங்கன்னு.

அவரு சிரிக்கல.

பெறவு டாக்டரம்மா அவள உள்ள கூப்பிட்டாங்க. நான் மருந்துக் கடையில வரிசையில நின்னேன், சொட்டு மருந்து முடிஞ்சு போச்சுல்லா. நான் வரும்போது அவ வெளிய வந்து தூணப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. “என்ன சொன்னாங்க?”ன்னேன். “பழையபடிதாங்க. மருந்த விடாமப் போடச் சொன்னாங்க”ன்னா. ஆட்டோ பிடிச்சு வந்தோம். பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிக் கையில குடுத்தேன். குடிச்சுட்டுச் சொல்லுதா, “ஏங்க, அந்த டிவிய வாங்கிருங்க.”

“சின்னதே போதும்னியே?”

“இனிமே எதா இருந்தா என்னங்க. உங்களுக்கு ஆசையா இருக்குல்லா, வாங்குங்க. அதுல சத்தம் நல்லா இருக்குமா?”

“ஜோரா இருக்கும்”னேன் நான். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அப்ப சந்தோசந்தான். ஒருவழியா அவ மனசு எறங்கிட்டு, ஆசைப்பட்டுக் கேக்குதான்னு. பஸ்ல ஏறி உக்காந்த பெறவுதான் என்னமோ உள்ள நெருடுது. வேண்டாம் வேண்டாம்னவ, அதுவும் இன்னைக்குப் பாத்து ஏன் வேணுங்கா?

கயத்தாறா? ஆமா. எறங்குறவங்க எறங்கட்டும், காலக் கொஞ்சம் மடக்கிக்கோங்க.

என்ன சொல்லுதீங்க? அந்தக் குழாயில நான் பாத்தனான்னா? பாக்கலன்னேன்லா. எதுக்குப் பாக்கணும், அதான் தெரியுமே. சரி, இந்த நோட்டீஸையே சுருட்டுவோம். நான் சொன்னது சரியா இல்லையான்னு உங்களுக்கே காட்டுதேன். இவ்வளவு இறுக்கமாவா? இன்னும் இறுக்கணுமோ? வெரல் நொழையுற அளவுதான் அன்னைக்கு டாக்டரம்மா சுருட்டுனாங்க. ஒரு கண்ண மூடிக்கிட்டேன். அந்தா டிரைவருக்கு மேல ஒரு டிவி ஓடுதுல்லா, அதப் பாக்கேன்.

தெரியுதே. நல்லாத் தெரியுதே. ஒருத்தன் ஓடுதான், பின்னால ஆளுக வெரட்டுதானுக, கீழ என்னமோ எழுத்துக்கூடத் தெரியுது. முழு டிவியும் இதுக்குள்ள அடங்கிட்டு. இம்புட்டுத் தூரத்துலயே இப்படித் தெரிஞ்சா, பெருசா இருந்தா இன்னும் எப்படித் தெரியும்? இந்தா, இப்ப பெருசாப் பாப்போம். பக்கத்துல இருக்கதுதான பெருசு. உங்க மொகத்தப் பாக்கேன், அசையாதீங்க.

மூக்கு தெரியுது.

கண்ணு எங்க? இந்தா இருக்கு. கண்ணப் பாத்தா மூக்கு போயிட்டு. வாயி… இருங்க, நீங்க பேசுதீங்க, எங்க இருந்து பேசுதீங்கன்னு தேட வேண்டியிருக்கு. தலையத் திருப்பித் திருப்பில்லா பாக்க வேண்டியிருக்கு.

தலையத் திருப்பி.

அய்யோ.

தம்பி, ஒரு நிமிசம். நோட்டீஸக் கீழ போட்டுட்டேன், எடுக்காதீங்க, கெடக்கட்டும். கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

தூரமா இருந்தாத்தான் முழுசாத் தெரியுது. கிட்ட வந்தா ஒரு காது, ஒரு மூக்கு. அதுக்குத்தான் அந்தச் சேரத் தூக்கிட்டுப் போயிருக்கா. நடுரூமு, பெறவு அடுப்படி வாசலு. அடுப்படிக்கு அந்தப் பக்கம் செவுருதான், அதுக்கு மேல போக எடமில்ல தம்பி. நான் பக்கத்துல உக்காந்து, “என் மேல நாத்தம் அடிக்கோ”ன்னு கேட்டிருக்கேன். என்னப் பாக்கவும் அவளுக்கு எட்டப் போக வேண்டியிருந்திருக்கும். சின்னதே போதும், முழுசாத் தெரியுதுன்னு தெளிவாத்தான சொன்னா? தமிழ்லதான சொன்னா? நான் என்ன பைசாக் கணக்குன்னு நெனச்சேன்!

எங்க அக்கா ரெண்டடியில நின்னா. சைடுல. கால்ல விழ வச்சேன் தம்பி. கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி விழ வச்சேன். அப்பவே ஆஸ்பத்திரிக்கு அந்த பஸ்ல ஏத்தியிருந்தா… கேம்ப்ல இன்னும் ஒரு மணி நேரம் வரிசையில நின்னிருந்தா… நான் ரிட்டையர் ஆனவன், எனக்கு என்ன அவசரம் அன்னைக்கு? வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்குனேன். நல்லா ஞாபகம் இருக்கு, சாப்பிட்டுட்டுத் தூங்குனேன்.

ஒரு கோடி மொகத்தப் பாத்திருப்பேன். ஒரு நாளைக்கு ஆயிரம் மொகம். அவ மொகத்த மட்டும்…

சரி. விடுங்க. சவத்த விடுங்க. அழுகல தம்பி, காத்துல தூசி.

அப்ப சின்னதே இருக்கட்டும்னு சொல்லிரலாம்லா? அவளுக்குச் சின்னதுதான முழுசாத் தெரியும்? தேவசகாயம் போன் அடிச்சா, வேண்டாம்யா, அந்த இன்னொரு ஆளுக்கே குடுத்திரும்னு சொல்லிருதேன். நீங்க குழாயப் பத்திக் கேட்டதும் நல்லதாப் போச்சு. இல்லன்னா செவுரு முழுக்க வாங்கி மாட்டி அவளத் தேட விட்டிருப்பேன். சேரு அடுப்படி வாசல்லயே கெடக்கட்டும். நான் என் சேரத் தூக்கிட்டு அங்க போயிருதேன். அவளுக்கு நேரா, கண்ணுக்கு நடுவுல… இல்ல, அப்ப டிவிய மறைக்கும். பக்கத்துலதான். பக்கத்துல உக்காந்து, “நான் இந்தா இருக்கேன்”னு சொல்லிக்கிடலாம்.

ஏன் தம்பி தலைய ஆட்டுதீங்க?

என்ன?

எதா இருந்தா என்னன்னா. ஆமா, சொன்னா. ‘இனிமே எதா இருந்தா என்ன’ன்னு சொன்னா.

சத்தம் நல்லா இருக்குமான்னு கேட்டா.

இன்னும் ஆரம்பிக்கலையாம்மான்னு கேட்டாளே உள்ள. அந்த வெளிச்சம் எல்லாம் வந்துக்கிட்டுதான இருந்திருக்கு. ஒண்ணுகூடவா… பழையபடிதான்னு என்கிட்டச் சொல்லிட்டா. தூணப் பிடிச்சுக்கிட்டு நின்னா, நான் கையில மருந்துப் பையோட நேரா அவ முன்னாலதான் போயி நின்னேன். நான் “என்ன சொன்னாங்க”ன்னு வாயத் தொறக்கற வரைக்கும் அவ மொகம் மாறல. இப்பத்தான் ஞாபகம் வருது. குரலக் கேட்ட பெறவுதான் சிரிச்சா.

முன்னால பாருங்க அவள. தலைக்கு மேல டிவி ஓடுது. நிமிந்து பாக்காளா? இல்ல. கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டு வாரா. நான் அவளுக்கு ஆசையா இருக்குன்னு நெனச்சேன்.

நாலாட்டின்புத்தூர் தாண்டிட்டு. இனி கால் மணி நேரந்தான். வண்டி நின்னா நான் முன்னால போயிருவேன் தம்பி, சொல்லிட்டுப் போக முடியாது, அவ எனக்கு முன்னால எந்திரிச்சிரக் கூடாது. அக்காவுக்கு ஒரு போன் போடணும். என்னன்னு சொல்ல? ரெண்டு வருசம் கழிச்சு என்னன்னு ஆரம்பிக்க?

இருங்க, போன் அடிக்கு. அவருதான்.

ஹலோ. ஆமா தேவசகாயம், நான்தான். பஸ்லதான் வாரேன்… ஆமா… ஒரே பீஸுதான், தெரியும், சொன்னீரு… இருக்கும், கலரெல்லாம் நல்லா இருக்கும்… யோவ், படத்த விடும். படத்த விடும்ங்கேன்லா. நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லும். அன்னைக்குச் சத்தத்தப் பத்தி என்னமோ சொன்னீரே, பக்கத்துல ஆளு நின்னு பேசுற மாதிரி இருக்கும்னு…

அத இன்னொரு வாட்டி சொல்லும்.